தை மாசமும் டிசியும் – ஒரு ஹெச்.எம். நாட்குறிப்பு

ஜனவரி 19, திங்கள்

பொங்கல் லீவு முடிஞ்சு ஸ்கூல் திறந்தாச்சு. தை பொறந்துட்டா எங்க பக்கம் கல்யாண சீசன், அதனால நான் முதல்ல பாக்குறது பெரிய கிளாஸ் பொண்ணுங்க அட்டெண்டன்ஸ்தான். பத்தாவதுல ஒரு பொண்ணு வரல. மதியம் அவ அப்பாவும் தாய்மாமனும் வந்து "டிசி குடுத்துருங்க சார், வெளியூர் போறோம்"னாங்க. எந்த ஸ்கூல்ல சேக்கப் போறீங்கன்னு கேட்டா பதிலே இல்ல. புதுசா ஹெச்.எம். ஆனவங்க இந்த இடத்துல டிசியை எழுதி நீட்டிடாதீங்க. சேரப்போற ஸ்கூல் பேர கேளுங்க, அங்க போன் போட்டு பேசுங்க, பப்ளிக் எக்ஸாம் எழுதிட்டு வாங்கிக்கலாம்னு தன்மையா சொல்லுங்க. டிசி கைக்கு போயிட்டா அப்புறம் அந்தப் பொண்ணு யார் கணக்குலயும் இல்ல.

ஜனவரி 20, செவ்வாய்

கூடப் படிக்கிற பிள்ளை ஒண்ணு கிளாஸ் டீச்சர்கிட்ட சொல்லிட்டா, இந்த வாரமே கல்யாணமாம். வீட்டுக்குப் போய் பேசிப் பாப்போம் சார்னு டீச்சர் கெளம்பிட்டாங்க. வேண்டாம்னுட்டேன். நாம போனா ராவோட ராவா வேற ஊர் கோயில்ல தாலி கட்டிடுவாங்க, தகவல் சொன்ன பிள்ளையும் மாட்டிக்கும். முதல்ல குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் போட்டேன், எந்நேரமும் கூப்பிடலாம். அட்மிஷன் ரிஜிஸ்டர் பாத்து பிறந்த தேதிய சொன்னேன், மாவட்ட சமூக நல அலுவலருக்கு எழுத்துலயும் குடுத்து நகல் வச்சுக்கிட்டேன். "உள்ளூர்ல பகை எதுக்கு சார்"னு ஒருத்தர் வந்து சொன்னாரு, கோவம் தாங்கல. பதினஞ்சு வயசு அதுக்கு!

ஜனவரி 22, வியாழன்

நின்னுருச்சு. 2006 குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி 18 ஆகாத பொண்ணுக்கு கட்டி வச்சா 2 வருஷம் வரை ஜெயில், 1 லட்சம் வரை அபராதம், கலந்துக்கிட்டவங்க மேலயும் கேஸ் வரும்னு அதிகாரிங்க சொன்னதும் மாப்பிள்ளை வீடு ஒதுங்கிருச்சாம்.

ஜனவரி 27, செவ்வாய்

பொண்ணு வந்துட்டா. ஸ்டாஃப் எல்லாருக்கும் காலைலயே சொல்லிட்டேன், யாரும் அவகிட்ட எதுவும் கேக்கக் கூடாது, பாவம் பாக்குறேன்னு தனியா கூப்பிட்டு ஆறுதல் சொல்றதும் வேண்டாம், விட்டுப்போன பாடத்த மட்டும் சேத்து நடத்துங்கன்னு. அப்பா அம்மாவ உக்கார வச்சு பேசினேன். அந்தம்மாவுக்கு பணத்த விட பயம்தான், பஸ் ஸ்டாண்டுல எவனோ பொண்ணு பின்னாடி வர்றானாம், அத யாருகிட்டயும் சொல்லல, கல்யாணம் பண்ணிட்டா தீந்துரும்னு நெனச்சிருக்காங்க. அதனால பஸ் ஏத்திவிட டீச்சர் கூட போறதுன்னு முடிவு பண்ணோம், போலீஸ்லயும் சொல்லிட்டோம். அரசுப் பள்ளில 6ல இருந்து 12 வரை படிச்சு காலேஜ் சேந்தா புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபாய் அவ அக்கவுண்டுக்கே வரும்னு சொன்னப்போ அப்பா ரெண்டு தடவ திருப்பிக் கேட்டாரு.

இப்ப கல்யாணம் பண்ண மாட்டோம்னு அப்பா அம்மாகிட்ட எழுதி வாங்கியாச்சுன்னு விட்டுற முடியாது, பரீட்சை முடிஞ்சு மே மாசம் முழுக்க வீட்லதான் இருப்பா. லீவுலயும் வாரம் ஒரு தடவ கிளாஸ் டீச்சர் போன் பண்ணணும், பொண்ணே பேசணும், அம்மா பேசினா போதாது.