முடிச்சைச் சொல்லித் தரலாமா?

“எல்லாம் சரிங்க மேடம். நைட்ல முப்பது பெட்டுக்கு நான் ஒருத்திதான். தாத்தா ட்யூபைப் புடுங்கிட்டா மெமோ எனக்கு வரும். கட்டி வெச்சா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நீங்க சொல்ற அஞ்சு நிமிஷத்தை எந்த பெட்டுகிட்ட இருந்து எடுக்கறது?”

முதியோர் பராமரிப்புப் பயிற்சியில் டெலிரியம், அதாவது உடம்புக் கோளாறால் திடீரென்று வரும் மனக்குழப்பம் பற்றிய பாடம் முடியும்போது ஒரு ஸ்டாஃப் நர்ஸ் கேட்டது இது. குழம்பிய நோயாளியின் கையைக் கட்டிலோடு கட்டுவதற்கு முன்னால் ஐந்து நிமிஷம் பாருங்கள் என்று நான் சொல்லி முடித்திருந்த நேரம். என்ன பார்க்க வேண்டும் என்பதையே இன்னொரு முறை விளக்கிப் பதிலாகச் சொன்னேன். சொன்னதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பெண் கேட்டது வேறு.

பார்க்க வேண்டியவை இவை. நேற்று வரை தெளிவாகப் பேசியவர் இன்று ராத்திரி திடீரென்று குழம்பினால் அது வயதின் கோளாறு அல்ல, உடம்பில் ஏதோ நடக்கிறது. முதலில் அடிவயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சிறுநீர் அடைத்து வீங்கியிருக்கும் வயிறு ஒரு முதியவரைக் கட்டிலில் இருந்து இறங்கத் துடிக்க வைக்கும். அவருக்கோ எங்கே வலி என்று சொல்லத் தெரியாது. யூரின் ட்யூப் இருந்தாலும் அது மடங்கியோ அடைத்தோ இருக்கலாம். மலம் போய் எத்தனை நாள் ஆயிற்று? ஆக்ஸிஜன் அளவு என்ன? குளுக்கோமீட்டரில் சர்க்கரை 70க்குக் கீழே காட்டுகிறதா? காய்ச்சல், வலி? சாயங்காலம் புதிதாக என்ன மருந்து போனது? அரிப்புக்கோ தூக்கத்துக்கோ போடும் அவில் ஊசி இளைஞரைத் தூங்க வைக்கும். எண்பது வயதுக்காரருக்கு அதுவே சிறுநீரை அடைத்து, குழப்பத்தையும் கூட்டிவிடும்.

கவனம் சிதறியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ளக் கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்லலாம். ஆங்கில மாதங்கள் வேண்டாம். பள்ளிக்கூடம் போகாத பாட்டிக்கும் பங்குனி, மாசி, தை என்று பின்னால் போக வரும். வராமல் இரண்டாவது மாதத்திலேயே அறுந்துபோனால் அது ஒரு தடயம். எல்லோரையும் தாத்தா, பாட்டி என்று கூப்பிடுவதும் சில பேரிடம் பலிக்காது. வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கூட இருப்பவரிடம் கேட்டு அந்தப் பெயரைச் சொன்னால் திரும்பிப் பார்ப்பார்கள். கண்ணாடியும் காது மெஷினும் பெரும்பாலும் கட்டிலுக்குப் பக்கத்து அலமாரியில் பூட்டிக் கிடக்கும்.

டெலிரியத்தில் அமைதியான வகையும் உண்டு. அந்த நோயாளி எதையும் பிடுங்குவதில்லை, கத்துவதில்லை. “நல்லா தூங்கறார்” என்று சார்ட்டில் எழுதிவிட்டுப் போய்விடுகிறோம். அவரை யாரும் கட்டப்போவதில்லை என்பதாலேயே யாரும் பார்ப்பதும் இல்லை. இதை ஒவ்வொரு பயிற்சித் தொகுதியிலும் அழுத்திச் சொல்வது என் வழக்கம்.

அந்த நர்ஸின் பயம் பொய் இல்லை. நழுவாமல் உள்ளே பிடித்திருக்கும் பலூனில் 10 மில்லி தண்ணீர் நிறைந்த யூரின் ட்யூபை அப்படியே இழுத்தால் சிறுநீர்ப்பாதை கிழிந்து ரத்தம் கொட்டும். கஞ்சி இறங்கிக்கொண்டிருக்கும்போது, மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் ட்யூப் பாதி வெளியே வந்தால் கஞ்சி நுரையீரலுக்குள் போகலாம். அதனால்தான் ‘கட்டாதே’ என்று சொல்வதற்கு முன்னால் ‘இந்த ட்யூப் இன்றைக்கும் வேண்டுமா’ என்று கேட்கப் பழக்குகிறோம். வாயால் குடிக்கிறவருக்கு ட்ரிப்ஸ் எதற்கு? படுக்கை நனையாமல் இருப்பதற்காக மட்டும் போட்ட யூரின் ட்யூபை டாக்டரிடம் கேட்டு எடுத்துவிடலாம். எடுக்க முடியாததைக் கண்ணுக்கு மறைக்கலாம்: கையில் ட்ரிப்ஸுக்குப் போட்ட வென்ஃப்ளான் ஊசி மேல் பேண்டேஜ் சுற்றி முழுக்கைச் சட்டை போட்டுவிடுவது, ரைல்ஸ் ட்யூபைக் கன்னத்தோடு ஒட்டிக் காதுக்குப் பின்னால் கொண்டுபோவது. கட்டிலை முடிந்த மட்டும் தாழ்த்த வேண்டும். கட்டிலின் இரண்டு பக்கமும் தடுப்புக் கம்பியான ரெயிலை ஏற்றினால் அதையும் தாண்டி ஏறி, இன்னும் உயரத்தில் இருந்து விழுவார்கள்.

கட்டினால் நேரம் மிச்சம் என்பவர்களுக்குப் பதில் சொல்ல என்னிடம் ஒரு கணக்கு உண்டு. முறையாகக் கட்டினால் கைவிரல்களின் நிறமும் சூடும் அடிக்கடி பார்க்க வேண்டும். குறைந்தது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவிழ்த்து, கையை அசைத்துவிட்டு, தண்ணீர் கொடுத்து, சிறுநீர் கழிக்க வைத்து, புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இதற்கு ஆகும் நேரம் அந்த ஐந்து நிமிஷத்தை விட எத்தனையோ மடங்கு. கணக்கு சரிதான். ஆனால் அப்படி முறையாக யார் கட்டுகிறார்கள்? மோசமாகக் கட்டும்போதுதான் நேரம் மிச்சமாகிறது, நடப்பதும் அதுதான்.

நான் இன்னும் முடிவு செய்யாதது இங்கேதான் இருக்கிறது. பாடத்தில் கட்டும் முறையைச் சொல்லித் தரலாமா? ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு, மணிக்கட்டுக்கும் துணிக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி, ரெயிலில் அல்லாமல் கட்டிலோடு சேர்ந்து அசையும் சட்டத்தில் கட்டுவது, மெல்லிய காஸ் துணிக்குப் பதில் அகலமான பஞ்சு வைத்த பட்டை. இதைச் சொல்லிக் கொடுத்தால் அனுமதி கொடுத்த மாதிரி ஆகிவிடுகிறது. சொல்லாமல் விட்டால் ரோலர் பேண்டேஜால் ரெயிலோடு இறுக்கிக் கட்டுவார்கள். முதியவரின் தோல் உரியும், விரல் நீலம் பாரிக்கும், இழுத்து இழுத்துக் குழப்பமும் கூடும். சொல்லிக் கொடுத்த தொகுதிகளில் கேள்விகள் எல்லாம் முடிச்சைப் பற்றியே வந்தன, அடிவயிற்றைப் பற்றி ஒன்றுகூட வரவில்லை. ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 97ஆம் பிரிவு, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவர் அனுமதியோடு, தேவைக்கு மேல் ஒரு நிமிஷமும் நீளாமல், காரணத்தை எழுதி வைத்துத்தான் ஒருவரைக் கட்ட வேண்டும் என்கிறது. மனநல நிலையங்களை வைத்து எழுதிய சட்டம் அது. பொது வார்டில் கட்டப்படும் கை எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கு எம்.டி. படிப்பு 1996இலேயே வந்துவிட்டது. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு முதியவரின் பக்கத்தில் நிற்பது அந்த எம்.டி. இல்லை, சில மணி நேரப் பயிற்சியோடு வார்டுக்குத் திரும்பும் நர்ஸ்.

ஆள் பற்றாக்குறையைப் பயிற்சியால் நிரப்ப முடியாது. இதை வகுப்பில் வெளிப்படையாகச் சொன்னால் ‘அப்போ கட்டலாம்’ என்று எடுத்துக்கொள்வார்களோ என்ற தயக்கம் எனக்கு இருந்தது, இப்போதும் இருக்கிறது. சொல்லாமல் விட்டால் அந்தப் பெண்ணை ஏமாற்றிய மாதிரி.

இப்போதைக்கு முடிச்சைப் பாடத்தின் கடைசியில் வைத்திருக்கிறேன், கூடவே ஒரு தாள்: ஏன் கட்டினோம், எத்தனை மணிக்கு, அதற்கு முன்னால் என்னென்ன பார்த்தோம், எத்தனை மணிக்கு அவிழ்த்தோம். அந்தத் தாளும் நைட் டியூட்டி நர்ஸுக்கு இன்னொரு வேலைதான். அடுத்த தொகுதிக்கு நர்ஸிங் சூப்பரிண்டெண்டுகளையும் அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். ட்யூபைப் பிடுங்கினால் மெமோ, கட்டினால் ஒன்றுமில்லை என்பதை மாற்ற முடிந்தவர்கள் அவர்கள்தான்.