கிரீடம் யாரிடம்?

இன்று மைன்கிராஃப்ட் கேம் ஆடும் ஒரு குழுவில் காலையிலிருந்து ரகளை. அட்மின்கள் எல்லாரும் ஒரு பக்கம், குழு பேசிக்கொள்ளும் டிஸ்கார்ட் செயலியில் கிரீடம் (உரிமையாளர் அடையாளம்) வைத்திருப்பவர் மறுபக்கம்.

கிரீடம்தான் ஜெயிக்கும். எத்தனை அட்மின் சேர்ந்தாலும் உரிமையாளரை வெளியேற்ற முடியாது. அவர் நினைத்தால் டிஸ்கார்ட் சர்வரையே, அதாவது குழுவின் அரட்டை இடத்தையே, அழித்துவிடலாம்.

புக்கிட் விவகாரம் இதைவிடக் கூத்து. பலர் சேர்ந்து ஆடும் மைன்கிராஃப்ட் சர்வருக்காகத் தன்னார்வலர்கள் எழுதிய மென்பொருள் அது. 2014 ஆகஸ்டில் குழுத் தலைவர் மூடுவதாக அறிவித்தார். உடனே மைன்கிராஃப்டை உருவாக்கிய மொஜாங் நிறுவனம் வந்து, "2012-லேயே உங்கள் ஆட்களை வேலைக்கு எடுத்தபோது இதையும் வாங்கிவிட்டோமே" என்கிற மாதிரி சொன்னது.

சம்பளமில்லாமல் உழைத்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

ஆனால் திட்டத்தை வாங்கினாலும் நிரலின் பதிப்புரிமை எழுதியவரிடமே இருந்தது. செப்டம்பரில் ஒரு பங்களிப்பாளர் டிஎம்சிஏ (அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம்) நோட்டீஸ் கொடுக்க, புக்கிட் குழுவின் சர்வர் மென்பொருளான கிராஃப்ட்புக்கிட்டின் தரவிறக்கம் நின்றது. யாரும் பார்த்து மாற்றக்கூடிய திறமூல நிரலோடு மொஜாங்கின் மூடிய நிரலும் கலந்திருந்ததுதான் பிடி. அதன் வழிவந்த ஸ்பிகாட் திட்டம் பிறகு பில்ட்டூல்ஸ் என்று ஒரு சுற்றுவழி பிடித்தது: நாங்கள் திருத்தங்களை மட்டும் தருகிறோம், கம்பைல் செய்வது (நிரலை ஓடும் மென்பொருளாக மாற்றுவது) உங்கள் கணினியில்.

குழு தொடங்குபவர்கள் முதல் வாரமே எழுதி வையுங்கள். டொமைன் (இணைய முகவரி) யார் பெயரில், ஹோஸ்டிங் பணம் யார் கார்டில், நிரலை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தில் உரிமையாளர் யார் யார். கேமில் கட்டிய உலகம் இருக்கும் வேர்ல்டு ஃபோல்டரின் பேக்கப் குறைந்தது இரண்டு பேரிடம். சண்டை வந்தபின் கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.