தண்டையார்பேட்டை வீடும் என் நோட்டுக் கணக்கும்

வாடகைக்கு விடுவதற்காக ஒரு வீடு வாங்கலாம் என்று தண்டையார்பேட்டையில் பழைய ஃப்ளாட் ஒன்றைப் பார்த்தேன். விலை 38 லட்சம். மெட்ரோ பக்கத்தில், மாதம் 12,000 நிச்சயம் என்றார் புரோக்கர். வருஷத்துக்கு 1,44,000. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதினேன். முத்திரைத்தாள் 7, பதிவு 2, ஆக 9 சதவீதம், போடும் முதலே 41.42 லட்சமாகிவிட்டது. வாடகையில் மெயின்டனன்ஸ் 18,000, வீட்டு வரி 4,000, ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் 12,000 போக, மிச்சம் 1,10,000. போட்ட முதலுக்கு மூன்று சதவீதம்கூட இல்லை. அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

மறுநாள் புரோக்கர் இல்லாமல் போனேன். தெருமுனையில் துணி தேய்க்கும் அண்ணனிடம் 2023 டிசம்பர் மழையைப் பற்றிக் கேட்டேன். "மீட்டர் பெட்டி வரைக்கும் தண்ணிம்மா" என்று கையால் காட்டினார். மாடி வீடுதான், ஆனால் மோட்டார் கீழே இருக்கிறது. மேல் வீட்டு அக்காவிடம் வாடகை எவ்வளவு கொடுக்கிறார் என்று கேட்டேன்: 10,500.

சொத்தின் மேல் அடமானம் ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று காட்டும் வில்லங்கச் சான்றிதழும், முந்தைய உரிமையாளர்களின் தாய்ப்பத்திரமும் வக்கீலிடம் கொடுத்திருக்கிறேன். கட்டடம் பழசு, மதிப்பு நிலத்துக்குத்தான் என்பதால், பத்திரத்தில் இந்த ஃப்ளாட்டுக்கு உரிய நிலப்பங்கு எத்தனை சதுர அடி என்பதைத்தான் முதலில் பார்க்கச் சொன்னேன். 34 லட்சத்துக்கு இறங்கினால் மட்டும் அடுத்த பேச்சு.