ஜீவனாம்ச வழக்கில் பொய் வருமானக் கணக்கு: எங்கே பிடிப்பது?

ஜீவனாம்ச மனு போட்டதும் சிலருக்குச் சம்பளம் பாதியாகிவிடும். கடை நஷ்டத்தில் ஓடும், கார் அண்ணன் பெயருக்கு மாறியிருக்கும். மனைவி தரப்பும் சளைத்ததல்ல. மாதாமாதம் சம்பளம் வாங்கிக்கொண்டே 'வருமானம் ஏதுமில்லை' என்று கையெழுத்துப் போடுபவர்களும் உண்டு.

ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 நவம்பர் 4 அன்று தீர்ப்பு சொன்னதிலிருந்து, இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் விவரங்களைக் குறித்த படிவத்தில் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தாக வேண்டும். எதிர்மனுதாரருக்கு அதிகபட்சம் 4 வாரம். இரண்டு வாய்தாவுக்கு மேல் வேண்டுமென்றே இழுத்தடித்தால் அவருடைய எதிர்வாதத்தையே நீக்கலாம்.

படிவம் கைக்கு வந்ததும் நிரப்பிய கட்டங்களை விட நிரப்பாத கட்டங்களைப் பாருங்கள். வெற்றுக் கட்டத்தைக் காட்டிப் பொய் சொன்னார் என்று வாதாட முடியாது. 'வேறு வங்கிக் கணக்கு இல்லை' என்று எழுத வைத்துவிட்டால், பிறகு ஒரு கணக்கு கிளம்பினாலும் சிக்கிக்கொள்வார். அதனால் முழுமையாக நிரப்பித் தரச் சொல்லி முதலிலேயே ஒரு மனு போடுவது நல்லது. இதை விட்டுவிட்டு நேராகக் குறுக்கு விசாரணைக்குப் போவதுதான் வழக்கமான தவறு.

சம்பளச் சீட்டு விவகாரம் சுவாரசியமானது. ஒரு கணக்கு: மொத்தச் சம்பளம் 92,000. வருமான வரியும் கட்டாய பி.எஃப்.பும் 9,000. தானாக விரும்பிக் கட்டும் கூடுதல் பி.எஃப். 20,000, சொசைட்டி கடன் 17,000, எல்.ஐ.சி. பிரீமியம் 12,000. கையில் வருவது 34,000. 'என் சம்பளம் 34,000தான்' என்று பத்திரத்தில் எழுதுவார்கள். கட்டாயப் பிடித்தத்தைத் தவிர மற்றதெல்லாம் அவருடைய சேமிப்பு, அவர் வாங்கிய கடன். 83,000த்தில் இருந்து கணக்குப் போடுங்கள் என்று வாதாட வேண்டும். சீட்டையும் சேர்த்தே கொடுத்திருந்தால் இது பொய் சாட்சியம் ஆகாது, வெறும் சாமர்த்தியம். சீட்டை மறைத்துவிட்டு 34,000 என்று எழுதியிருந்தால் கதை வேறு.

சொந்தத் தொழில் செய்பவரிடம் சீட்டு இருக்காது. அங்கே வங்கி ஸ்டேட்மெண்டில் வரவை விடச் செலவு அதிகம் பேசும். 15,000 வருமானம் என்பவர் மாதம் 60,000க்கு கிரெடிட் கார்டு பில் கட்டுகிறார் என்றால், அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். எஸ்.ஐ.பி. (மியூச்சுவல் ஃபண்ட் மாதத் தவணை) பிடித்தம், பட்டியலில் இல்லாத கணக்குக்குப் போகும் பரிமாற்றம் இரண்டையும் குறித்து வையுங்கள். வருமான வரித் தளத்தின் ஏ.ஐ.எஸ். என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையில் வட்டி, டிவிடெண்ட், பங்கு விற்பனை வரை வந்துவிடும். அதைத் தாக்கல் செய்யும்படி நீதிமன்றத்தில் கேளுங்கள். பாஸ்வேர்டு தெரியும் என்று நீங்களே உள்ளே போய் எடுத்தால், உங்கள் மேல் வழக்கு பாயும்.

ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் பிரிண்ட் எல்லாவற்றுக்கும் மின்னணு ஆவணங்களுக்கான பாரதிய சாட்சிய சட்டம் 63வது பிரிவுச் சான்றிதழை இணைப்பது நல்லது. குடும்ப நல நீதிமன்றம் சாட்சிய விதிகளில் தளர்வு காட்டும்தான். ஆனால் பொய் சாட்சிய விசாரணை நடக்கும் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அந்தத் தளர்வு கிடையாது.

பொய் உறுதியானால் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 340, இப்போது அதற்குப் பதில் வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 379வது பிரிவின் கீழ் மனு. நேராகப் போலீசுக்குப் போக முடியாது, நீதிமன்றம்தான் புகார் கொடுக்க வேண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த பி.என்.எஸ். 229வது பிரிவில் பொய் சாட்சியத்துக்கு 7 ஆண்டு வரை சிறை. ஆனால் எல்லாப் பொய்க்கும் நீதிமன்றம் புகார் கொடுக்காது. நீதியின் நலனுக்கு அது தேவையா என்று பார்க்கும். 'சுமார்' என்று எழுதியது, தேதி தவறு, கணவரின் சம்பளத்தை மனைவி கேள்விப்பட்டு அதிகமாகச் சொன்னது, இவையெல்லாம் நிற்காது. எந்தப் பத்தி, என்ன வாசகம், அதைப் பொய்யாக்கும் ஆவணம் எது, தெரிந்தே சொன்னார் என்பதற்கு என்ன அடையாளம் என்று நாலும் மனுவில் இருக்க வேண்டும்.

இந்த மனுவை முதலிலேயே போட்டால் இடைக்கால ஜீவனாம்சம் பின்னுக்குப் போய்விடும், மேல்முறையீடு என்று ஓராண்டு ஓடும். ஆவணங்களைக் காட்டி முதலில் தொகையை வாங்குங்கள். 379ஐ சாட்சியம் முடிந்த பிறகு எடுக்கலாம், அதற்குள் எதிர்தரப்பு கூண்டில் நின்று அதே பொய்யை இன்னொரு முறை சொல்லியிருக்கும்.