பாய்க்கு வாடகை ஜெபம் இல்லை

சபை மண்டபத்தில் வீடில்லாதவர்களுக்கு இரவில் இடம் கொடுக்கலாம் என்று யோசிக்கிறோம், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால், வாசலில் யாரை நிறுத்தப் போகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். பாய், பெட்ஷீட், பாண், பருப்பு எல்லாம் மட்டக்களப்பில் கேட்டால் வந்து சேரும், கொடுக்கிற கைக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. வாசல்தான் பெரிய தலையிடி.

எங்கள் சபை மண்டபத்தில் நாங்கள் நடத்தும் தங்குமிடம் மழைக்காலத்துக்கு மட்டும். ஐப்பசிக் கடைசியில் திறந்தால் தை பிறந்து மழை விடும்வரை ஓடும். வெயில் காலத்தில் பஸ் தரிப்பிடத்திலோ கடை விறாந்தையிலோ எப்படியோ படுத்து எழும்பிவிடுகிறார்கள். வடகீழ்ப் பருவமழை பிடித்துவிட்டால் வாவி நிரம்பி ஊரே ஊறிக்கிடக்கும், விறாந்தையிலும் சாரல் அடிக்கும். பிள்ளைகளோடு ஒத்துவராமல் வெளிக்கிட்ட கிழவர்கள், கூலி வேலைக்கு வந்து வேலை முடிந்த பிறகும் திரும்பிப் போக இடமில்லாதவர்கள், குடியில் எல்லாவற்றையும் தொலைத்தவர்கள், மனநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் என்று வருவார்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கமிருந்து நோயாளியோடு ஆஸ்பத்திரிக்கு வந்து கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர்களும் வருவதுண்டு. இவர்களை வீடில்லாதவர் கணக்கில் சேர்க்கலாமா என்று கமிட்டியில் ஒரு வாக்குவாதம் நடந்தது. கொட்டுகிற மழையில் நனைந்து வந்து நிற்கிற ஆளிடம் அந்தக் கணக்கைப் பார்க்க முடியாது என்பது என் கட்சி.

கமிட்டியை மட்டும் குறை சொல்லவும் முடியாது. 1978 நவம்பர் 23ஆம் திகதி சூறாவளி அடித்தபோதும், 2004 சுனாமியிலும் இந்த மாவட்டத்தில் கோயில், தேவாலயம், பள்ளிக்கூடம் என்று கூரை மிஞ்சிய இடமெல்லாம் சனம் படுத்தது. அன்று யாரும் யாரிடமும் நீ ஆர் என்று கேட்கவில்லை. "சூறாவளியில நாங்களும் இப்படித்தான் கிடந்தம்" என்று சொன்ன அதே மூப்பர் அடுத்த வாயில், "ஆனா தம்பி, அது தெரிஞ்ச சனம். இவனுகள் ஆரெண்டு தெரியாது, பையோட வேற வருவானுகள்" என்றார். பை என்ற சொல் வந்ததும் கூட்டம் அமைதியாகிவிட்டது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று இந்த ஊர் சீயோன் தேவாலயத்தில் குண்டை வெடிக்கவைத்தவனும் பையோடுதான் வந்தான். செத்தவர்களில் பலர் சின்னப் பிள்ளைகள். அதன்பிறகு இந்த ஊரில் ஒரு தேவாலய வாசலில் நின்று, முன்பின் தெரியாத ஆளை இரவில் பையோடு உள்ளே விடுங்கள் என்று சொல்வது லேசான காரியம் இல்லை. அந்தப் பயத்துக்கு ஒரு வழி கண்டுபிடிக்காமல் "அன்பு காட்டுங்கள்" என்று பேசிக்கொண்டிருந்தால் ஒன்றும் நடக்காது.

கண்டுபிடித்த வழி சாதாரணமானது. வாசலுக்கு வெளியே, தகரக் கூரைக்குக் கீழே ஒரு மேசை, மேலே ரியூப் லைட். வருகிறவர் தன் பையைத் தானே திறந்து காட்டுவார், நாங்கள் கை வைப்பதில்லை, பார்த்த பிறகு அவரே மூடிக்கொள்வார். பொலிஸ் சோதனை மாதிரி நாங்கள் கிளறினால் அடுத்த நாள் அந்த ஆள் வரமாட்டார். ஒருநாள் ஒரு பெரியவர் சொப்பின் பையிலிருந்து சாரம், சவர்க்காரத் துண்டு, ஒரு ஜோடி செருப்பு எல்லாம் எடுத்து வைத்துவிட்டுக் கடைசியாக கிளினிக் கொப்பியை வெளியே எடுத்தார். முழுக்க நனைந்து தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. டொக்டர் எழுதிய மை நீலமாகக் கசிந்திருந்தது. சாப்பிடக் கூட வராமல் ஃபேனுக்குக் கீழே குந்தியிருந்து, நகத்தால் ஒவ்வொரு தாளாகப் பிரித்து இடையிடையே பேப்பர்த் துண்டு வைத்து உலர்த்தினார். அவருடைய பெயர் எழுதப்பட்டிருந்த ஒரே காகிதம் அதுதான்.

குடித்துவிட்டு வருபவர்கள் விஷயத்தில் ஆள் உள்ளே, போத்தல் வெளியே. போத்தலை மேசையில் வைத்துவிட்டுப் போகலாம், காலையில் கேட்டால் திருப்பிக் கொடுப்போம். இதற்கு மூப்பர்மார் இன்றைக்கும் முகம் சுளிக்கிறார்கள், சாராயத்துக்குக் காவல் இருக்கவா சபை என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயம்தான். ஆனால் போத்தலை ஊற்றிவிடுவோம் என்று சொன்னால் அந்த ஆள் மழைக்குள்ளேயே போத்தலோடு இருந்துவிடுவார்.

ஜெபத்துக்கு வருகிறேன். சாப்பாட்டைக் கொடுத்து மதம் மாற்றுகிறார்கள் என்ற பேச்சு நம்ம ஊரில் எப்போதும் உண்டு, அதற்கு இடம் கொடுத்த ஆட்களும் இருக்கிறார்கள், மறைப்பதற்கில்லை. சாப்பாட்டுக்கு முன் ஐந்து நிமிடம் தேவ வசனம் சொல்லட்டுமா என்று எங்கள் வாலிபர் ஒருவர் நல்ல மனதோடுதான் கேட்டார். நான் வேண்டாம் என்றேன், நல்ல காலம் போதகர் ஐயாவும் அதையே சொன்னார். பசியோடு இருக்கிறவர் "ஆமென்" சொன்னால் அது பசி சொல்கிற ஆமென். ஜெபிக்க விரும்புபவருக்குப் பக்கத்துக் கதவு திறந்திருக்கும், அவ்வளவுதான். பெண்களுக்கு ஓய்வுநாள் பள்ளி அறையைத் தனியாக ஒதுக்கி, திறப்பை உள்ளே இருப்பவர்களிடமே கொடுத்திருந்தோம். அங்கே தங்கிய ஒரு ஆச்சி முதல்நாள் முந்தானை முடிச்சைத் தடவிக்கொண்டே, "மனே, இஞ்ச திருநீறு பூசலாமா?" என்று கேட்டார். பூசுங்க ஆச்சி என்றேன். சுவரில் இருந்த இயேசு படத்துக்குக் கீழேயே நின்று மூன்று விரலால் இழுத்துவிட்டுப் படுத்தார். அடுத்த வாரம் அயலிலுள்ள பிள்ளையார் கோயில் ஆட்கள் ஒரு மூட்டை அரிசி கொண்டுவந்தார்கள். பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடியிலிருந்து பாண் வர ஆரம்பித்தது.

லண்டனில் இருக்கும் மச்சாள் அங்கே தேவாலயங்கள் செய்யும் முறையைச் சொன்னாள். ஏழு தேவாலயங்கள் சேர்ந்து வாரத்தில் ஆளுக்கு ஒரு இரவு எடுத்துக்கொள்ளும், வருகிறவர்கள் ஒவ்வொரு நாளும் வேறு மண்டபத்துக்குப் போவார்கள். 2020இல் கொரோனா வந்ததும் இப்படி ஒரே மண்டபத்தில் படுப்பது நின்று, பலரை ஹோட்டல் அறைகளில் வைத்தார்களாம். நாங்கள் ஆட்களை அலையவைக்கவில்லை, மழைக்குள் பையைத் தூக்கிக்கொண்டு தினமும் ஒரு இடம் தேடுவதா? சமையலை மட்டும் சுற்றுமுறையில் விட்டோம்.

பதிவுக் கொப்பியில் அவர்கள் சொல்லும் பெயரும் வந்த நேரமும் மட்டும்தான். வெள்ளைக்காரன் காலத்தில் 1841இல் வந்த, அலைந்து திரிவோர் பற்றிய கட்டளைச் சட்டம் இன்னும் புத்தகத்தில் இருக்கிற நாட்டில், தெருவில் படுப்பவர் எழுத்தில் எதையும் கொடுக்கப் பயப்படுவார். அப்படியானவருக்கு அடையாள அட்டை எடுத்துக் கொடுப்பதுதான் பெரிய முடிச்சு. விண்ணப்பத்தைக் கிராம சேவகர் உறுதிப்படுத்த வேண்டும், இருக்க இடம் இல்லாதவரை எந்தக் கிராம சேவகர் தன் பிரிவு ஆள் என்பார்? சபை விலாசத்தைப் போட்டுப் போதகர் ஐயா கடிதம் கொடுத்தார். ஓரிடத்தில் "மண்டபம் வீடில்லையே" என்று திருப்பி அனுப்பினார்கள். இன்னொருவர் பின்னேரம் தானே மோட்டார் சைக்கிளில் வந்து, பாய்களைப் பார்த்து, பிளேன்டீ குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கொப்பி உலர்த்திய பெரியவருக்கு முதலில் பிறப்புச் சான்றிதழ் தேட வேண்டியிருக்கிறது, அவர் பிறந்த இடமாகச் சொல்லும் ஊர் ஒவ்வொரு தடவையும் மாறுகிறது.

மார்கழியில்தான் கரோல், ஒளிவிழா, கல்யாண வரவேற்பு எல்லாம் அதே மண்டபத்தில். போன முறை ஒரு வரவேற்பு இரவு பத்து மணி தாண்டியும் முடியாமல், எங்கள் ஆட்கள் மேசைக்குப் பக்கத்தில் வரிசையில் நின்றார்கள், மாப்பிள்ளை வீட்டார் கேக்கை வெளியே அனுப்பினார்கள். இம்முறை புரட்டாசியிலேயே கமிட்டியைக் கூட்டி, யாரும் மண்டபத்துக்கு முற்பணம் கட்டுவதற்கு முன் திகதிகளைப் பிடித்துவிட வேண்டும்.