பட்டு நூலும் தும்புக்கயிறும்

மண்முனைத்துறையில பாதை எண்ட மிதவைப் படகேறி, மறுகா பஸ் புடிச்சி மட்டக்களப்பு டவுண் புளியந்தீவுக்கு வந்து சேர்ந்த, வாவிக்கு மேற்குப் பக்கம் படுவான்கரைப் பொடியன் நான், சைவக் குடும்பம், அப்பாக்கு கொஞ்ச வயலும் வாவியில ஒரு தோணியும் இருந்திச்சு. என்னை மிக்கேல் கல்லூரியில சேர்க்கப் போறன் எண்டு அப்பா சொன்னதும் அம்மம்மா பயந்திட்டா, புள்ள வேதத்துக்கு, கிறிஸ்தவத்துக்கு, மாறிருவான் எண்டு. அப்பா சொன்ன மறுமொழி ஒண்டுதான், காரைதீவு மயில்வாகனமும் அங்கதானே படிச்சி 1908-ல கேம்பிரிட்ஜ் சீனியர் பாஸ் பண்ணினவர், அவர் வேதத்துக்கா மாறினவர், விபுலானந்த அடிகளாத்தானே வந்தவர் எண்டு. அம்மம்மா அதுக்குப் பிறகு வாய் திறக்கல்ல.

1873-ல தொடங்கின பள்ளிக்கூடம், 1895-க்குப் பிறகு யேசுசபை எண்ட கத்தோலிக்கத் துறவிச் சுவாமிமார்ட கையில வளர்ந்தது, இதெல்லாம் ஒவ்வொரு பள்ளிக்கூட மலரிலயும் வாற விசயம், கூடைப்பந்தைப் பற்றியும் என்னை விட நல்லா எழுதுற ஆக்கள் இருக்காங்க. நான் எழுத வந்தது சனிக்கிழமை பின்னேரங்களைப் பற்றி.

எங்கட காலத்தில வயசான இங்கிலிஷ் சேர் ஒருத்தர் இருந்தார், அவரும் சுவாமிமார்ட்ட படிச்ச பழைய மாணவன்தான். ஏ.எல் படிக்கிற ஏழெட்டுப் பேரைக் கூப்பிட்டு இருத்தி, சோதனைக்கு வராத விசயமாப் பாத்துத்தான் வாசிக்கத் தருவார். ஒருநாள் நியூமன். ஜோன் ஹென்றி நியூமன் எண்டவர் 1852-ல டப்ளினில, ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் தொடங்குறதுக்காகச் செய்த பேச்சுகள். மறுகா கர்தினாலாகி, 2019-ல பாப்பரசரால புனிதரா அறிவிக்கப்பட்டவர். லிபரல் எடியுகேஷன் எண்டால் என்ன எண்டு அவர் சொல்றது, அறிவுக்கு அறிவே பலன், உத்தியோகத்துக்கும் காசுக்கும் முதல் மனுசன்ட மூளை விரியவேணும், ஒரு விசயத்தை மற்ற விசயங்களோட சேர்த்து வச்சுப் பாக்கத் தெரியவேணும் எண்டு. எங்களுக்கு அது பெரிய புதினம், ஏனெண்டா வீட்டில டொக்டர் இல்லாட்டி இஞ்சினியர், அதை விட்டா வேற கதை இல்ல.

ஆனா சேர் அதோட விடல்ல. அதே பேச்சில நியூமன் இன்னொண்டும் சொல்றார், படிப்பு வேற நல்லகுணம் வேற, இந்தப் படிப்பு ஒருத்தனை நாகரிகமான மனுசனாக்கும், கிறிஸ்தவனாக்காது எண்டு. மனுசன்ட ஆவேசத்தையும் ஆணவத்தையும் வெறும் அறிவால அடக்கப் பாக்கிறது, சவரக்கத்தியால கருங்கல் வெட்டுற மாதிரி, பட்டு நூலால கப்பலைக் கட்டுற மாதிரி. சேர் என்னைப் பாத்துக் கேட்டார், "தம்பி, உங்கப்பா தோணியை எதால கட்டுறவர்?" தும்புக்கயிறு எண்டன். "மாரியில?" ரெண்டு கயிறு எண்டன். "அந்த ரெண்டாவது கயிற்றைத்தான் நாம தேடவேணும்" எண்டார்.

அவர் காட்டின ரெண்டாவது கயிறு, யேசுசபையைத் தொடங்கின இஞ்ஞாசியார்ட ஆன்ம சோதனை. படுக்கப் போகமுதல் பத்து நிமிசம், முதல்ல நன்றி, பிறகு வெளிச்சம் கேக்கிறது, பிறகு விடிஞ்சதில இருந்து நடந்ததெல்லாத்தையும் ஒண்டொண்டா நினைச்சுப் பாக்கிறது, எங்க தவறினன், நாளைக்கு என்ன செய்யப்போறன். நான் சைவம் சேர் எண்டு சொன்னன். "நீ உன்ட பிள்ளையாருக்கு முன்னால இரு, பொய் சொல்லாம இரு, அது போதும்" எண்டார். மற்றச் சமயங்களில உண்மையாவும் புனிதமாவும் உள்ள எதையும் திருச்சபை தள்ளல்ல எண்டு ரெண்டாம் வத்திக்கான் சங்கம் எண்ட கத்தோலிக்க ஆயர்மார்ட மாநாடு 1965-ல சொன்னது எனக்குப் பிறகுதான் தெரியும், அவர் அதை வாழ்ந்து காட்டினவர்.

மறுகா 1990 வந்திச்சு. ஓகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசல்களில தொழுதுகொண்டிருந்த சனங்களைச் சுட்டது, ஓகஸ்ட் 15 எங்களுக்குக் கூடைப்பந்து பழக்கின ஹெபேர்ட் சுவாமி வாழைச்சேனையில இருந்து வரக்குள்ள கூட வந்த பேர்ட்ராம் பிரான்சிஸோட காணாமப் போனது, செப்டம்பர் 9 சத்துருக்கொண்டானில தமிழ்ச் சனங்களைக் கொலை செய்தது. ஆறு கிழமைக்குள்ள. அதுக்கு ரெண்டு வருசம் முதல், 1988 ஜூன்ல, பிரஜைகள் குழுத் தலைவரா இருந்த சந்திரா பெர்னாண்டோ சுவாமியை மாதா கோயிலுக்குள்ள வச்சே சுட்டாங்க. சமயமும் அரசியலும் வேறவேற எண்டு சொல்றவங்களுக்கு நான் காட்டுறது இந்த ரெண்டு சுவாமிமாரையும்தான். இவங்க கட்சிக்கு வேலை செய்யல்ல, வோட்டுக் கேக்கல்ல, புள்ளையைக் காணல்ல எண்டு அழுதுகொண்டு வாற தாய்க்காக ஆமிக் காம்ப் வாசலில போய் நிண்டதுதான் இவங்கட அரசியல்.

நான் எங்க நிண்டன்? என்னோட ஒரே வாங்கில இருந்த காத்தான்குடிக் கூட்டாளி ஒருத்தன், அந்தச் சனிக்கிழமை வகுப்புக்கும் வந்தவன். பள்ளிவாசல் சம்பவத்துக்குப் பிறகு அவனுக்கு நான் ஒரு வரி எழுதல்ல, ஆக்களிட்டச் சொல்லி அனுப்பவும் இல்ல. நம்மட சனமும் சாகுதுதானே எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டு கொழும்புக்குப் போய், அங்க இருந்து கனடாவுக்கு வந்திட்டன். நியூமனைப் படிச்ச மூளைதான். பத்து நிமிசம் இருக்கிறதை விட்டிட்டன், இருந்தா அவன்ட முகம் வரும்.

1973-ல யேசுசபைத் தலைவர் பேதுரு அருப்பே சுவாமி ஸ்பெயினில வலென்சியாவில பேசினது யாருக்கு எண்டு நினைக்கிறீங்க, எங்களைப் போல பழைய மாணவர்களுக்குத்தான். நாங்க உங்களை நீதிக்காகப் படிப்பிச்சமா எண்டு அவரே கேட்டு, இல்லை எண்டு அவரே மறுமொழி சொன்னார். பிறருக்காக வாழுற மனுசரை உருவாக்கவேணும் எண்ட வார்த்தை அங்க இருந்துதான் வந்தது. கேட்டுக்கொண்டிருந்த கனபேருக்குக் கோவம். எனக்கு அதை வாசிக்கக்குள்ள கோவம் வரல்ல, தொண்டை அடைச்சிச்சு.

போன வருசம் ஊருக்குப் போகக்குள்ள காத்தான்குடியில அவன்ட கடையைத் தேடிப் போனன். தலை நரைச்சிட்டு, ஆனா பாத்த உடன "என்னடா மச்சான்" எண்டான். பிளேன்டீ குடிச்சம். "நீயெண்டாலும் ஒரு கடிதம் போடுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்" எண்டான், வேற ஒண்டும் சொல்லல்ல. பயந்திட்டன் எண்டு சொல்லவேண்டியதை அண்டைக்குத்தான் சொன்னன்.

எங்கட பழைய மாணவர் சங்கத்துக்கு என்ட கோரிக்கை இதுதான். கட்டடத்துக்கும் ஸ்கோர்போர்டுக்கும் காசு சேர்க்கிறம், சேர்ப்பம். அதோட ஒரு அறை, சனிக்கிழமை பின்னேரம் ரெண்டு மணித்தியாலம், பதினைஞ்சு பிள்ளைகள், தமிழ் முஸ்லிம் எல்லாம் கலந்து, சோதனைக்கு வராத புத்தகங்கள், முடிவில பத்து நிமிசம் மௌனம். பிளேன்டீ தன்ட பொறுப்பு எண்டு கூட்டாளி சொல்லிட்டான். படுவான்கரையில இருந்து வாற பிள்ளைகளுக்கு, இப்ப மண்முனையில பாலம் இருக்கு, பஸ் காசு மட்டும் போதும், அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டு செயலாளருக்கு அனுப்பியிருக்கிறன்.