வெர்டிகோவுக்கு லேட்டா கிடைச்ச மரியாதை

1958ல ஹிட்ச்காக் இயக்குன வெர்டிகோ படம் வந்தப்ப பல விமர்சகர்கள் இழுவை, கதை நம்புற மாதிரியே இல்லன்னு எழுதிட்டாங்க, அப்புறம் உரிமை ஹிட்ச்காக் கைக்கு போயி பல வருஷம் படம் பாக்கவே கிடைக்கல, 1980கள்ல திரும்ப வந்தப்ப நிறைய பேருக்கு அதோட அருமை புரிஞ்சுது. சைட் அண்ட் சவுண்ட்ங்கிற பிரிட்டிஷ் சினிமா பத்திரிகை 2012ல உலகத்தோட சிறந்த படம் எதுன்னு விமர்சகர்கள்கிட்ட நடத்துன ஓட்டெடுப்புல, 50 வருஷமா முதலிடத்துல இருந்த சிட்டிசன் கேன் படத்தையே கீழ இறக்கிடுச்சு. கதையோட மர்மத்தை ஹிட்ச்காக் முன்னாடியே உடைச்சிட்டாருன்னு அப்ப குறை சொன்னாங்க, எனக்கு படத்தோட உயிரே அதுதான். கதாநாயகி கிம் நோவாக் கொண்டை போட்டுக்கிட்டு அந்த பச்சை வெளிச்சத்துல நடந்து வர்றப்ப அவ யாருன்னு நமக்கு தெரியும், கதாநாயகன் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டுக்கு தெரியாது, அவரு கண்ணு கலங்கி நிக்கிறாரு, நமக்கு வயித்தைப் பிசையுது. இதை எப்படிங்க அவ்ளோ சுலபமா ஒதுக்குனாங்க?